உறைகுளிர் அறைக்குள் நுழைவோர் கவனத்திற்கு

"சாப்பிடுறதுக்கு முன்னாடி கையைக் கழுவுங்க."

நான் கேட்டது இவ்வளவுதான். ஆய்வாளர் ஐயா, உங்கள் அலுவலகச் சுவரிலும் இதே வாசகம் ஒட்டியிருக்கிறது. ஆனால் நான் படிப்பை முடித்து எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வந்த அன்றே அப்பா சொல்லி வைத்திருந்தார்: "பாப்பா, அவர்கிட்ட எது வேணா பேசு. கையைக் கழுவுங்கன்னு மட்டும் சொல்லிடாத. முன்னாடி ஒரு சர்வர் சொன்னான். அவன் இப்ப இடது கையாலதான் எழுதறான்."

அவர் என்றால் பெரியப்பா. அவர் யாருக்கும் பெரியப்பா இல்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் யார் கடையைத் திறப்பது, யார் கண்ணை மூடுவது என்பதெல்லாம் அவர் சொல்படிதான்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். உணவுப் பாதுகாப்பு படித்தேன். அப்பா என் பட்டத்தைப் பிரேம் போட்டு, கடை உரிமத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நாலு வருடம் கிருமியைப் பற்றிப் படித்துவிட்டு, நகக்கண்ணில் காய்ந்த ரத்தத்தோடு ஒருவர் தட்டில் கை வைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அது யாருடைய ரத்தம் என்பது என் பாடத்தில் இல்லை.

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சமையல் மாஸ்டர் கரண்டியை நழுவ விட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பா எழுந்து போய்க் கழுவினார். இருபது நொடி என்றேன். வாய்விட்டு எண்ணினார். பதினாலுக்குப் பிறகு பதினாறு என்றார். மறுபடி முதலிலிருந்து எண்ண வைத்தேன்.

"படிச்ச புள்ள சொன்னா கேட்டுக்கணும்டா," என்றார் தன் ஆட்களிடம்.

அதற்கப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே நடுங்குகிற ஆட்கள் ஒரு தாளுக்குக் கட்டுப்படுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் புரியும்? சமையலறைப் பக்கம் வந்தால் தலைக்கு நீலத் தொப்பி என்று எழுதி ஒட்டினேன். போட்டார்கள். பெரியப்பாவின் வலது கையாக இருந்த மொட்டை மட்டும் முனகினான்: "எனக்கு எதுக்கும்மா தொப்பி?"

"புருவம் இருக்குல்ல?"

போட்டுக்கொண்டான்.

வெளிப்பொருள் உள்ளே போகக் கூடாது என்று ஒரு தட்டு வைத்தேன். மோதிரம், கடிகாரம், செல்போன், கத்தி எல்லாம் அதில் வரிசையாக இறங்கின.

பின்கட்டில் இருக்கும் உறைகுளிர் அறையில் அவர்கள் பார்சல் வைப்பது உங்களுக்குத் தெரியும். ஐஸ்கிரீமுக்கு மேல் தட்டில் வைத்திருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். சொட்டக்கூடிய எதுவும் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும். மாற்ற வைத்தேன். லேபிளும் ஒட்டச் சொன்னேன். மொட்டை நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். பொருளின் பெயர்: மச்சான்.

"காலாவதி தேதின்னு இருக்கே, என்னம்மா போடறது? அவன் போன செவ்வாயே காலாவதி."

நான் ஏன் போலீசுக்குப் போகவில்லை என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஏழு வருடமாக இந்தக் கதவைத் திறக்காமலே "மிக நன்று" என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: "வியாழக்கிழமை ஆய்வாளர் வந்து ரூமைத் திறப்பாரு. பேசியாச்சு. நான்தான் செஞ்சேன்னு நீ ஏத்துக்க. வயசாயிடுச்சு, உள்ள போனா வேளாவேளைக்குச் சாப்பாடு. கடைய உம் பொண்ணு பாத்துக்குவா."

அப்பா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டம்ளர் நிறைந்து, மேசை நனைந்து, பெரியப்பாவின் மடியில் சொட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "சரிங்க," என்றார்.

நான் சத்தம் போடவில்லை. ஆய்வு என்றால் அறை ஒழுங்காக இருக்க வேண்டும், நாளை மறுநாள் வாருங்கள், தூக்க இரண்டு பேர் போதும், ஆனால் பொறுப்பாளர் நேரில் நிற்க வேண்டும் என்பது விதி என்றேன். பொறுப்பாளர் என்ற சொல் பெரியப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

நேற்றுப் பதினொரு மணிக்கு மொட்டையையும் தன் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கை கழுவினார்கள். தொப்பி போட்டார்கள். எல்லாவற்றையும் தட்டில் வைத்தார்கள். கதவை உள்ளிருந்து திறக்கும் குமிழ் பழுது என்று கண் உயரத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். மூன்று பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். குளிர் வெளியே போகக் கூடாது என்பதால் கதவைச் சாத்தினேன்.

மத்தியானக் கூட்டம். பன்னிரண்டு மேசையும் நிறைந்திருந்தன. மாஸ்டர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பாப்பா, உள்ள ஏதோ தட்டுது."

"கம்ப்ரஸர், மாஸ்டர்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார். "அந்தக் கம்ப்ரஸர் எங்கம்மாவைத் திட்டுது."

ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னேன். வைத்தார். நல்ல பாட்டு. நாலாவது மேசைக் குழந்தை எழுந்து நின்று ஆடியது, நானும் கூட ஆடினேன்.

மணிக்கொரு தரம் கதவிலுள்ள தாளில் வெப்பநிலை எழுத வேண்டும். ஒன்றையும் விடவில்லை. பதினொன்றுக்கு மைனஸ் பதினெட்டு. சூடான பொருள் உள்ளே போனால் ஏறும், ஏறியது. பன்னிரண்டுக்கு மைனஸ் பதினாலு. ஒன்றுக்குப் பதினைந்து. இரண்டுக்குப் பதினாறு. மூன்றுக்குப் பதினேழு. நாலு மணிக்குப் பழையபடி மைனஸ் பதினெட்டு. எவ்வளவு நிம்மதி தெரியுமா.

மூன்று பேரும் கீழ்த்தட்டில் இருக்கிறார்கள். லேபிள் ஒட்டியாகிவிட்டது. நான் யாரையும் கொல்லவில்லை. விதிமுறையைத்தான் கடைப்பிடித்தேன். அந்தக் குமிழைத் திருப்புளியால் கழற்றியது நான்தான், அது என் கைப்பையில் இருக்கிறது. பழுதான பாகத்தை அகற்ற வேண்டும் என்பதும் விதிதான். கழற்றியதால்தான் அது பழுது என்று நீங்கள் வாதாடலாம். வாதாட உங்களுக்கு நேரம் இருக்கும்.

அப்பாவைக் காலையிலேயே அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். "பெரியப்பா எங்க பாப்பா, ஆளையே காணோம்?" என்று கிளம்பும்போது கேட்டார்.

"இங்கதாம்ப்பா இருக்கார். நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க."

மணி பத்தேமுக்கால். பதினொன்றுக்கு வருவீர்கள். இந்த ஏழு வருடத்தில் நீங்கள் ஒரு தாளைக்கூட முழுதாகப் படித்ததில்லை. இதைப் படிப்பீர்கள். விளக்கு எரியும், வேறு வேலையும் இருக்காது. உறைபனியில் எழுத்து அழியாமலிருக்க லேமினேட் செய்து, இந்தக் கதவின் உட்பக்கம் உங்கள் கண் உயரத்துக்கு ஒட்டிவிட்டு, நான் வெளியே போகிறேன். நீங்கள் வந்ததும் முதலில் கையைக் கழுவச் சொல்ல வேண்டும்.