கடைசி ஆளுக்குப் பின்னால்

மணி நாலரை. ராத்திரி இல்லை, சாயங்காலம். பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அதுவும் நம்மைப் போல நைட் ஷிஃப்டா பார்க்கிறது? நெருக்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவர் கதவைச் சாத்துங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் யாரும் பல்லைக் காட்டக் கூடாது.

இது என்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவரின் மச்சினனுக்கு நடந்தது. ஆள் லிஃப்ட் மெக்கானிக். உயரத்தைப் பார்த்து எல்லோரும் வைத்த பெயர் ஒட்டகம். பயந்தாங்கொள்ளி கிடையாது. பதினாலு மாடிக் குழிக்குள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டீ குடிக்கிற ரகம்.

மலையில் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம்... ஒன்றுமே இல்லை. அந்தப் பாதையில் நாலரை மணிக்கு இரண்டே பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒட்டகமும், அவன் அக்காவும்.

குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மூச்சு மெஷின் வாங்க நிதி திரட்டும் மலையேற்றம் அது. ஏறி இறங்கினால் இவ்வளவு தருகிறோம் என்று ஊரில் ஆளாளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அறுபத்து மூன்று பேர் ஏறினார்கள். ஒரு பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் மழைக்கோட்டும் கழுத்தில் தொங்க ஒரு விசிலும் கொடுத்திருந்தார்கள்.

அக்காவுக்கு முட்டி சரியில்லை. வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்டால்தானே? போன வருஷம் அவள் பெண் அதே ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து பிழைத்து வந்தது. "முட்டி போனா போகட்டும், நான் ஏறத்தான் போறேன்" என்றாள். ஐந்து வயதுக் குழந்தை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மாவை ஒட்டிக்கொண்டே கிடக்கும். அம்மா முகம் தெரியாவிட்டால் அதற்குச் சோறு இறங்காது. அன்றைக்குத்தான் முதல் முறையாக எதிர்வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு, "ஆறரைக்குள்ள அம்மா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். குழந்தையின் அப்பா என்னோடு ஷிஃப்டில். எங்கள் பிளாண்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

ஒட்டகத்துக்கு அன்று கொடுத்த வேலை வால். அதாவது, கடைசி ஆள். வாலுக்கு ஒரே விதிதான். தனக்குப் பின்னால் ஒருவரையும் விட்டுவிட்டு வரக் கூடாது. அவன் கீழே வந்து "எல்லாரும் வந்தாச்சு" என்று சொன்னால் எல்லோரும் வந்தாயிற்று. அவ்வளவுதான்.

மேகம் இறங்கியது. மூன்றடிக்கு மேல் கண் தெரியவில்லை. ஈரக் கல்லும் பாசியும் கலந்த ஒரு வாடை. அப்போது மேலே இருந்து...

பீப். பீப். பீப்.

மூன்று விசில் என்றால் உதவி வேண்டும் என்று அர்த்தம். ஆனால் ஒட்டகத்துக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாதே!

"யாரோ மாட்டிக்கிட்டாங்க போல. அக்கா, இந்தக் கல்லுல உக்காரு. அசையாதே. பத்து நிமிஷத்துல வந்துடுறேன்."

"சீக்கிரம் வாடா. பாப்பா காத்துக்கிட்டு இருக்கும்."

ஏறினான். விசில் இன்னும் கொஞ்சம் மேலே கேட்டது. அங்கே போனான். இன்னும் கொஞ்சம் மேலே. கத்திக் கூப்பிட்டான். பதில் இல்லை. பிறகு விசிலும் நின்றுபோனது. அந்த இடத்தில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை என்று பிற்பாடு சொன்னான். வந்த வழியே திரும்பினான்.

வழியில் ஒரு கல்லின் மேல் மஞ்சள் கோட்டு உட்கார்ந்திருந்தது. கோட்டுத் தொப்பி மூக்கு வரை இறங்கியிருந்தது. இவனைக் கண்டதும் எழுந்து கையை நீட்டியது. வால் முன்னால் நடக்கக் கூடாதுதான். ஆனால் வழுக்குகிற பாதை, கால் வலிக்கிற அக்கா. கையைப் பிடித்துக்கொண்டு இவன் முன்னால் இறங்கினான். கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. பாவம், குளிரில் உட்கார வைத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டான்.

வழியெல்லாம் இவன்தான் பேசினான். "அக்கா, கோவமா? தனியா விட்டுட்டுப் போனது தப்புதான்... பேசேன்." பதில் வரவில்லை. அக்காவுக்குக் கோபம் வந்தால் மூன்று நாள் வாய் திறக்க மாட்டாள் என்பது சின்ன வயதிலிருந்து தெரிந்த கதை. சரி, வீட்டில் போய்ச் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம்.

அடிவாரத்தில் அட்டையும் பேனாவுமாக ஒருவர் நின்றார். "அறுபத்தொண்ணு வந்தாச்சு. நீங்க ரெண்டு பேர்தான் பாக்கி."

"இதோ, எங்க அக்கா. அவ்வளவுதான், எல்லாரும் வந்தாச்சு."

அவன் வாயால்தான் சொன்னான். அதை நினைத்து இன்றைக்கும் வாயில் அடித்துக்கொள்கிறான்.

மஞ்சள் கோட்டு நேராக வேனில் போய் ஏறியது. காலையில் வீடு வீடாக வந்து ஏற்றிய அதே வேன். டிரைவருக்கு எல்லார் வீடும் தெரியும். வேன் கிளம்பிப் போனது. ஒட்டகம் அடிவாரத்தில் போட்டிருந்த மேஜைகளை மடக்கி ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

பீப். பீப். பீப்.

மேலே இருந்து. இந்தத் தடவை விசில் தேய்ந்து, மூச்சு வாங்கி வாங்கி... அட்டைக்காரர் சிரித்தார். "அட, காத்துங்க. எல்லாரும் வந்தாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

 அவன் மேலே ஓடினான்.

அக்காவை உட்கார வைத்த கல். அதே மஞ்சள் கோட்டு. உதடு நீலம் பாரித்துப்போய் அக்கா உட்கார்ந்திருந்தாள். அக்காவேதான். திட்டினாளே, அதில் சந்தேகமே இல்லை.

"எருமை! எவ்வளவு நேரம் ஊதுறது? என்னைத் தாண்டித்தானே போனே? கூப்பிடக் கூப்பிட, திரும்பிக்கூடப் பாக்கலை!"

"நான்... உன்னைத்தானே கூட்டிட்டுப் போனேன்?"

"என்னையா? அக்கா, அக்கான்னு பேசிக்கிட்டே போனே. யார்கிட்ட இவன் பேசுறான்னு பாத்தேன். உன் கையில ஒரு கோட்டுக் கைதான் தெரிஞ்சுது. ஓடி வரலாம்னா முட்டி மடங்கலை."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் இவனுக்கு வேன் ஞாபகம் வந்தது.

அவளை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினான். மலையில் போனுக்கு சிக்னல் இல்லை. அடிவாரத்துக்கு வந்தபோது மணி ஏழு. முதலில் எதிர்வீட்டம்மாவைப் பிடித்தார்கள்.

"ஆறேகாலுக்கே வந்துட்டாங்களே! பாப்பாவை உங்க வீட்டுக்கு நான்தானே கொண்டுபோய் விட்டேன். ரொம்பக் களைப்பு போல, ஒரு வார்த்தை பேசலை..."

அக்கா வீட்டு நம்பருக்கு அடித்தாள். இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மணி போனது... போனது... குழந்தை எடுத்தது.

"பாப்பா, அம்மா பேசுறேன்டா கண்ணு!"



"அம்மா என் பக்கத்துலதான் இருக்காங்க. நீங்க யாரு?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. மறுபடி அடித்தால் மணி மட்டும் போனது.

மேஜை ஏற்றிய வண்டிதான் கிடைத்தது. முக்கால் மணி நேர வழி. எதிர்வீட்டம்மா போய்க் கதவைத் தட்டிக்கொண்டே போனில் சொல்லிக்கொண்டு வந்தாள். "உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு... விளக்குப் போடலை... பாப்பா சிரிக்கிற சத்தம் கேக்குதுங்க." இங்கே வண்டியில் ஒரு அம்மா சிக்னலில் எரிகிற சிவப்பு விளக்குக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கொடுமையை என்னவென்று சொல்ல? ஒட்டகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அழுதான்.

போய்ச் சேர்ந்தபோது கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அது எப்போது திறந்தது என்று வாசலிலேயே நின்ற எதிர்வீட்டம்மாவுக்கே தெரியவில்லை. குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. சாப்பிட்டிருந்தது. தலை வாரிப் பின்னியிருந்தது. அந்தப் பின்னலில் ஈரக் கல் வாடை. வேறு யாரும் வீட்டில் இல்லை. அக்கா பாய்ந்து போய் அள்ளினாள். குழந்தை உடம்பைச் சுருக்கிக்கொண்டு எதிர்வீட்டம்மாவைப் பார்த்து அழ ஆரம்பித்தது.

முதல் நாள் அதிர்ச்சி என்றார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கேட்டால் குழந்தை அடம்பிடிக்காது, தெளிவாகப் பேசும். அக்கா பழைய போட்டோவைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டாள்.

"நீங்க."

"அப்ப அம்மா எங்கடா?"

"அம்மா மலைக்குப் போயிருக்காங்க. அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போவாங்க."

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அடித்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், வீட்டையே மாற்றிப் பார்த்தாள். பெற்றவளுக்கு அதற்கு மேல் என்ன வழி இருக்கிறது? இப்போதெல்லாம் ராத்திரியில் தன் மணிக்கட்டையும் குழந்தையின் மணிக்கட்டையும் ஒரு துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் படுக்கிறாள். குழந்தையும் பேசாமல் கையை நீட்டுமாம். போன வாரம் ஒரு நாள் மட்டும், கட்டிக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னதாம்.

"ஆன்ட்டி, முடிச்சை லேசாப் போடுங்க. அம்மாவுக்கு அவிழ்க்க கஷ்டமா இருக்காம்."