வாசலில் நிற்கும் காகித ஊர்

ஆனைமுகன் அருள் முன்னிற்க! இம்மண்டபத்துக்குத் தேக்கு வாசல் தந்த வள்ளல், தலைவர் ஏகாம்பரம் அவர்களே! சொல்லில் சிக்கனமும் சிரிப்பில் தாராளமும் காட்டும் செயலாளர் மருதமுத்து அவர்களே! கஜா பெராங் ஊர் வாழ் பெரியோர்களே! மடியில் மகவும் கையில் குடையுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவரையும் அடிபணிந்து வணங்குகிறேன்.

நாளை மறுநாள், கடல் கடந்து வந்த நாம் வேரூன்றிய இந்நாடு விடுதலை பெறுகிறது. அத்திருநாளுக்கென நம் தையற்கார அம்மையார் பூங்காவனம் அவர்கள் நம் ஊரின் பழைய கோலத்தைத் தாளில் வெட்டி அடுக்கிய காகித ஊர், இதோ, மேடையருகே நிற்கிறது. மண்டபத்துக்குள் இருக்கவேண்டியது முற்றத்தில் ஏன் நிற்கிறது? வாசலில் நுழையவில்லை! வானமோ கறுக்கிறது. நனைந்தால் ஊரே கூழாகும்.

யாரது, "ஐயா, சுருக்கமா முடிங்க, மழை வருது" என்பது? மழையை முந்தத்தான் அப்பா, மூச்சுவிடாமல் பேசுகிறேன்!

முதலில் மூன்றே தாள். முன்னே தென்னை, நடுவே கோயில், பின்னே கடல். ஒவ்வொன்றையும் கத்தியால் நுணுகி வெட்டி, இடையிடையே மூங்கில் துண்டு வைத்து அடுக்கினால், தட்டைத் தாளுக்குள் தூரம் பிறக்கிறது! அதைக் காண நம் விழாக் குழு போனது. போன குழு சும்மா இருந்ததா?

"தூங்குமூஞ்சி மரம் கோயிலுக்கு இடப்பக்கம் நின்றது. சின்ன வயதில் அதிலிருந்து விழுந்தவன் நான், எனக்குத் தெரியாதா?" என்றார் தலைவர்.

"வலப்பக்கம்தாங்க. நீங்க விழுந்தது வேற மரம். நீங்க விழாத மரம் ஏதுங்க?" என்றார் செயலாளர்.

"சண்டை வேணாங்கய்யா. ஆளுக்கொரு தாள் வெட்டுறேன். அவங்கவங்க மரம் அவங்கவங்க தாள்ல நிக்கட்டும்" என்றார் பூங்காவனம் அம்மாள்.

சொன்னார், சிக்கினார்! நான் மட்டும் விட்டேனா? நான் சிறுவனாய்க் கண்ட கோபுரம் மேகத்தைத் தொட்டது என்று சாதித்தேன். இன்று அதன் உச்சி அடுத்த வீட்டுத் துணிக்கொடியைத் தொடுகிறது. ஆயினும் என் தாளில் மேகம் உண்டு! இப்படித் தாள்மேல் தாளாய்ப் பெருகி, சுவரில் தொங்கவேண்டிய சட்டம் அலமாரியாய் வளர்ந்தது.

"சில தாளை உருவிடலாமே" என்றார் செயலாளர். எதை உருவுவது? தலைவர் தம் மரத்தை அணைத்துக்கொண்டார். நான் கோபுரத்தை மறைத்து நின்றேன். செயலாளரின் கை கடைசித் தாளுக்குப் போனது. அதில் உஜோங் பாசிர்க் கடற்கரையில் ஒற்றைக் கம்பம்.

"இது வெறுங் கம்பந்தானே?"

"என் மகன் வலை காயப்போட்ட கம்பங்க" என்றார், அத்தாளைக் கேட்டு வெட்டச் சொன்ன தெய்வானை அம்மாள். சப்பானியர் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடப் போய்த் திரும்பாத மகன். செயலாளர் கையை எடுத்துக்கொண்டார்.

சொல்லுங்கள், சபையோரே! புதிய நாட்டுக்குள் நுழைகிறோம். யார் நினைவை வாசலிலே விட்டுப் போவது? தலைவர் மரத்தையா? என் கோபுரத்தையா? அந்தக் கம்பத்தையா? அடியவனுக்காகத் தூணைப் பிளந்த தெய்வத்தைத் தொழுகிறோமே, ஒரு தாய்க்காக ஒரு வாசல் நிலையைப் பெயர்க்கலாகாதா? தலைவர் அவர்களே, தங்கள் பெயர் செதுக்கிய நிலை அது, அறிவேன். பெயர்த்த நிலையைத் தச்சர் மீண்டும் பொருத்துவார். கூழான கம்பத்தை எந்தத் தச்சர் நிறுத்துவார்?

என்ன, தலைவர் எழுந்துவிட்டாரா? என்ன சொல்கிறார்? "கடப்பாரை என் கடையில கிடக்கு, ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க! என் பேர்மேல படாம நெம்புங்க!"

வாழ்க தலைவர்! வலியோர் எல்லாரும் எழுந்து வாருங்கள். முதல் துளி என் வழுக்கையில் விழுந்துவிட்டது; மேடையைவிட்டு இறங்கிவிட்டேன். பொறுமையாய்க் கேட்டோர்க்கும் இனிப் பொறுப்பாய்த் தூக்குவோர்க்கும் நன்றி. கைகூப்பி வணங்கவில்லையே என்று எண்ணாதீர்கள்; என் இரு கைகளும் காகித ஊரின் அடியில் இருக்கின்றன. வாயாலேயே சொல்கிறேன், வணக்கம்!