கல்ஃபான் தள்ளிவிட்ட வண்டி

அஸர் தொழுகை முடிந்து வெயில் சரிகிற நேரம். பாலைவன ஓரத்துப் பிதியா ஊரின் கடைசிப் பெட்ரோல் பங்க்கைத் தாண்டினால் தார் ரோடு நின்றுவிடும். அப்புறம் மணல்... மணல் மேல் டயர் தடம். அவ்வளவுதான்.

கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை. இது நடந்தது நம் ஸுவைதின் தாய்மாமன் ஹுமைதுக்கு.

வண்டியில் மணல்மேடு ஏறுவதில் ஹுமைது கில்லாடி. அன்று தனியாகப் போனான். இரண்டு மேடுகளுக்கு நடுவே, மாவு மாதிரி மணலில் வண்டி உட்கார்ந்துவிட்டது. மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுற்றி, இன்னும் கீழே போனது. ரப்பர் கருகும் நாற்றம். போனில் சிக்னல் இல்லை.

மண்டியிட்டுத் தோண்ட ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில், வண்டியின் அந்தப் பக்கம்... சரக்... சரக்... இன்னொருவரும் தோண்டுகிற சத்தம்.

குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். இரண்டு வெறுங்கைகள். நகமெல்லாம் பெயர்ந்திருந்தது.

"காத்த இன்னும் இறக்கு தம்பி. டயர் இவ்ளோ விறைப்பா இருந்தா எப்படி ஏறும்?"

எழுந்து பார்த்தான். நரைத்த தாடி... வெடித்த உதடு... கல்ஃபான். போன கோடையில் இதே தடத்தில் தாகத்தில் செத்துக் கிடந்தவர்.

அன்று அவருடைய பிக்கப் மணலில் புதைந்து, அவர் கையை உயர்த்தி ஆட்டியதை ஹுமைது பார்த்திருந்தான். மேட்டு உச்சியில் கூட்டாளிகள் காத்திருந்தார்கள். நடுவில் நிறுத்தினால் ஏற முடியாது, கேலி செய்வார்கள். சலாம் சொல்கிறார் போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இவனும் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போய்விட்டான். திரும்பும்போது வேறு வழி. உடல் கிடைத்த சேதி வந்தபோதும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஹுமைது காற்றை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தான். கல்ஃபான் வண்டிக்குப் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்.

"நீ கையாட்டினே பாரு... அதான் நடந்து போகாம உக்காந்துட்டேன். பையன் திரும்பி வந்து தேடுவானேன்னு."

குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். இல்லை.

"ம்... இப்ப மிதி."

வண்டி எகிறியது. கெட்டித் தரை வந்தும் ஹுமைது நிறுத்தவில்லை. கண்ணாடியில் அவர் கையாட்டுவது தெரிந்தது. இவன் கை... தானாக எழுந்து, மறுபடியும் ஆட்டிவிட்டது.

அந்த வெட்கத்தோடு வீட்டுக்குப் போக முடியவில்லை. நேரே கல்ஃபான் வீட்டு வாசலில் போய் நின்றான். அவர் மனைவி ரய்யா கதவைத் திறந்தாள். தலை குனிந்தபடி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை.

"உங்க வண்டியையுமா தள்ளிவிட்டார் தம்பி?"

ஹுமைது நிமிர்ந்தான்.

"போன மாசம் ஒருத்தர் வந்து அழுதார். அதுக்கு முன்ன ரெண்டு பேர். அன்னிக்கு அந்தப் பக்கமா போனவங்க நிறைய போல."

வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தாள்.

"வண்டியில தண்ணி இருந்துச்சா?"

"ஒரு கேன் இருந்துச்சு."

"குடுத்தீங்களா?"

"இல்ல," என்றான் ஹுமைது.

"யாருமே குடுக்கல," என்றாள். கதவைச் சாத்தப் போனவள் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் இங்க வர்றப்போ நான் தண்ணி குடுத்தா வாங்க மாட்டேங்கிறார் தம்பி. 'இரு, அவங்க கொண்டு வருவாங்க'ங்கிறார்."