மேப் இல்லாத மலை வழிகாட்டி

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற நான், போர்க்காலத்தில் ஒருநாள் கொழும்பு வெள்ளவத்தைப் புத்தகக் கடையொன்றில் மலையேற்ற வழிகாட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நடுத்தர வயதுத் தம்பதி.

"தம்பி, மேப் இல்லாத புத்தகம் இருக்கோ?" என்று கடைக்காரரைக் கேட்டார் கணவர்.

"மேப் இல்லாமல் மலையில எப்பிடி நடப்பீங்கள், ஐயா?"

"ஆமி செக்பொயின்டில தமிழன்ர பையில மேப்பைக் கண்டால் விடுவாங்களோ?"

"அதுக்குப் பயந்து இந்த முறையும் வீட்டில இருக்கேலாது," என்றார் மனைவி. "நக்கிள்ஸ் மலை ஏறியே தீருவன்."

மேப் உள்ள புத்தகத்தையே மனைவி வாங்கினார். மடித்து வைத்திருந்த வரைபடத்தை விரித்து, பாதையை விரலால் தொடர்ந்து, முணுமுணுத்து மனப்பாடம் செய்தார். பிறகு அதைக் கிழித்தெடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார்.

"இது உங்களிட்ட இருக்கட்டும், தம்பி. திங்கக்கிழமை வந்து வாங்கிறம். வராட்டி முதல்ல பொலிசில தேடுங்கோ, பிறகு இதில தேடுங்கோ."