சோப்புக் குழி

— ஆன்ட்டி, தயவுசெஞ்சு அந்தச் சட்டையைக் கல்லுல அடிக்காதீங்க. கொஞ்சம் நிறுத்துங்க.

— ஏம்மா, மாடியில இருந்து செருப்புகூடப் போடாம ஓடி வர்ற? குடிவந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள நான் துணி துவைக்கிறதுல குத்தம் கண்டுபிடிச்சுட்டியா?

— குத்தம் இல்ல ஆன்ட்டி. மொட்டை மாடியில நின்னுட்டிருந்தேன். சாயங்கால வெயில் சாஞ்சு விழுந்துச்சா, கல்லு மேல இருக்குற குழியெல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுது. அது காலடி.

— யாரோட காலடி? எங்க வீட்டுக்காரர் ஈரக்காலோட நடக்குறவர்தான். ஆனா கல்லு குழியுற அளவுக்கு நடக்க மாட்டார்.

— விளையாடாதீங்க. இந்தக் கல்லு ஒரு காலத்துல வெறும் சேறு. அதுல ஒரு பிராணி நடந்து போயிருக்கு. தண்ணியிலயும் இருக்கும், தரையிலயும் இருக்கும். தவளைக்கு முப்பாட்டன் முறை. டைனோசர் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி.

— நீ காலேஜ் டீச்சர்னு தெரியும். அதுக்காக எனக்கே பாடம் எடுக்குறியே. அது மேஸ்திரி சோப்பு வைக்க வெட்டிக் குடுத்த குழி.

— சோப்பு வைக்க ஒரு குழி போதாதா? இங்க பாருங்க. இது முன்கால், நாலு விரல். இது பின்கால், அஞ்சு விரல். நடுவுல ஓடுது பாருங்க ஒரு கோடு, அது வால் இழுபட்ட தடம்.

— அட, ஆமா. நான் பாட்டுக்கு இத்தனை நாளா இவன் கால் மேல சோப்பை வச்சு... கோவிச்சுக்காதப்பா, தெரியாம செஞ்சுட்டேன்.

— கல்லைப் பத்திதான் காலேஜ்ல பாடமே நடத்துறேன். இப்படி ஒண்ணைப் படத்துலதான் பாத்திருக்கேன் ஆன்ட்டி. மியூசியத்துக்குச் சொல்லணும். ஆனா ஒரு குறை. நல்லா நடந்து வந்தது, இந்த ஓரத்துல கால் திரும்புது, அதோட கல்லு உடைஞ்சு போச்சு. மிச்சக் கல்லு எங்க?

— அந்தப் பேச்சை மட்டும் எடுக்காத.

— ஏன்?

— அது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கு, என் ஓரகத்தி வீட்டுல. வண்டியில இருந்து இறக்கும்போதே கல்லு ரெண்டாப் போச்சு. பெரிய மருமகளுக்குத்தான் பெரிய துண்டுன்னு அவங்க எடுத்துட்டுப் போனாங்க. அன்னைக்கு நின்ன பேச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் டீக்கடையில ஒண்ணா உக்காந்து சிரிச்சுக்கிறாங்க, நாங்கதான் எலியும் பூனையுமா கிடக்குறோம்.

— ஒரு கல்லுக்காகவா?

— கல்லு கிடக்குது விடு. கூடப்பொறந்த அக்கா மாதிரி நினைச்சிருந்தேன், அதான் வலிச்சுது.

— நான் போய்க் கேக்கட்டுமா?

— உன்னை அவங்களுக்கு யாருன்னே தெரியாது. வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிடுவாங்க.

— அப்ப நீங்க கேளுங்க.

— நானா? எனக்கு ரோஷம் இல்லையா? ... இவன் வேற பாதியில நிக்கிறான். ஒரு காலைத் தூக்கி வச்சவன் அடுத்த காலை எங்க வச்சான்னு தெரியாம எனக்கு எப்படித் தூக்கம் வரும்? நகரு, சுவர்கிட்ட போய்க் கூப்பிடுறேன். அக்கா! அக்கா, நான்தான். உங்க துவைக்கிற கல்லைக் கொஞ்சம் பாக்கணும். சண்டைக்கு வரல.

— சுவர் ஓரமா நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்கேன். துவைக்கிற கல்லாமே! வாய்க்கு வந்ததைச் சொல்லித் தூக்கிட்டு வந்துட்டேன், வீட்டுக்குள்ள வந்ததும் மனசு கேக்கல. அதுல ஒரு கைக்குட்டைகூட நான் துவைச்சதில்லடி. நீ வந்து கேப்பேன்னு கோணியில சுத்தி வச்சிருக்கேன், வந்து எடுத்துக்கோ.