ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி

பாஸ்டரம்மா: முக்காட்ட எடு திலகா. மூஞ்சிய மூடிக்கிட்டா நடை காட்டிக் குடுத்துராதா?

திலகவதி: ஐயோ... பாஸ்டரம்மா! ஸ்தோத்திரம்மா. நான் ஒங்கள கவனிக்கவே இல்ல...

பாஸ்டரம்மா: ஆமாமா. என்னயப் பாத்ததும்தானே தூணுக்கு அங்கிட்டுப் போயி ஒக்காந்த.

திலகவதி: இல்லம்மா, அங்கிட்டு காத்து வருதுன்னு...

பாஸ்டரம்மா: ஃபேனே ஓடல. சரி, இங்கிட்டு ஒக்காரு. ஆஸ்பத்திரிக்கு யாரப் பாக்க வந்த?

திலகவதி: நாத்தனாளுக்கு ஒடம்பு முடியல. வார்டுல படுத்திருக்கா. நீங்க?

பாஸ்டரம்மா: பக்கத்து வீட்டு ஆத்தாவுக்கு மாத்திரை வாங்கணும்.

திலகவதி: கீரனூர்லயே ஆஸ்பத்திரி இருக்கேம்மா. இதுக்குப் போயா புதுக்கோட்ட வரைக்கும்...

பாஸ்டரம்மா: ஒன் நாத்தனாளுக்கு மட்டும் கீரனூர் தூரமாக்கும்? கையில என்ன சீட்டு? காட்டு... ஏன், நாத்தனா பேரும் திலகவதியா?

திலகவதி: அம்மா... கோவிச்சுக்காதீங்க.

பாஸ்டரம்மா: கோவப்படவும் தெம்பு வேணுமே. சொல்லு.

திலகவதி: கட்டி கரையல. உபவாச ஜெபத்தன்னிக்கி பாஸ்டர் ஐயா என் தலையில கைய வச்சாருல்ல... வயித்துக்குள்ள ஐஸ் வச்ச மாதிரி இருந்துச்சும்மா. சத்தியமா... சத்தியம் பண்ணக் கூடாது, தெரியும். ஆனா இருந்துச்சு. அந்த வேகத்துல "கட்டி கரஞ்சிருச்சு"ன்னு கத்திப்புட்டேன். மூணாம் நாளே திரும்ப ரெத்தம் போக ஆரம்பிச்சிருச்சு.

பாஸ்டரம்மா: ஸ்கேன் எடுத்தியா?

திலகவதி: போன வாரம். முன்னயவிடப் பெருசாயிருச்சாம். கர்ப்பப்பைய எடுத்தே ஆகணும், திங்கக்கெழம வந்து அட்மிட் ஆகுன்னுட்டாங்க. இன்னிக்கி ரெத்த டெஸ்ட்டு.

பாஸ்டரம்மா: ஞாயித்துக்கெழம கன்வென்ஷன் கூட்டமாச்சே...

திலகவதி: அதாம்மா என் தலையெழுத்து. மேடையில நான் சாட்சி சொல்லணும். நோட்டீசுல என் போட்டோவப் போட்டு, "கட்டி கரைந்த சகோதரி"ன்னு... எங்க தெரு டிரான்ஸ்பார்மர்ல வரைக்கும் ஒட்டியிருக்காங்க. கரஞ்சிருச்சுன்னு ஊருக்கே சொல்லிப்புட்டு மறுநா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆபரேஷனுக்குப் படுக்க?

பாஸ்டரம்மா: படுக்காம விட்டா?

திலகவதி: மூணு மாசமா ரெத்தம் போகுதும்மா. நாலு எட்டு வச்சா கண்ண இருட்டுது. ஒக்காந்தா எந்திரிக்க முடியல. அலுத்துப்போச்சு... ஜெபம் பண்ணக்கூட வாய் வர மாட்டேங்குது.

பாஸ்டரம்மா: ஒன் வீட்டுக்காரரு குணசேகரன்கிட்ட சொன்னியா?

திலகவதி: எங்க சொல்ல? அஞ்சு வருசமா சர்ச் வாசல மிதிக்காத மனுசன். ரெண்டு வாரமா வெள்ளச்சட்ட போட்டுக்கிட்டு எனக்கு முந்தி வந்து ஒக்காந்திருக்காரு. இப்பப் போயி கரையலன்னா, "இம்புட்டுத்தானா ஒங்க சாமி"ம்பாரு. கர்த்தர் பேரக் கெடுத்த பாவம் எனக்கு எதுக்கு?

பாஸ்டரம்மா: கர்த்தர் பேரு ஒன் கட்டியிலயா தொங்குது?

திலகவதி: என்னம்மா இப்புடிச் சொல்றீங்க...

பாஸ்டரம்மா: திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு குடுக்குறோம்ல...

திலகவதி: ம்.

பாஸ்டரம்மா: அழுவலாம், அடம்புடிக்கலாம், வாசல்லயே படுத்துக் கெடக்கலாம். ஆனா மனுவுல கலெக்டர் கையெழுத்த நாமளே போட்டுக்கிட்டா?

திலகவதி: ஆத்தி! புடிச்சு உள்ள வச்சிருவாங்க.

பாஸ்டரம்மா: கர்த்தர் ராஜா, திலகா. சொகம் குடுக்குறதும் அவரு அதிகாரம், இப்ப இல்ல பொறுன்னு சொல்றதும் அவரு அதிகாரம். அவரு போடாத கையெழுத்த மைக்கப் புடிச்சு நாம போடுறோம். அதுதான் பாவம். வயித்துல கட்டி இருக்குறது பாவமில்ல.

திலகவதி: அப்ப... எனக்கு விசுவாசம் கொறச்சல்னு இல்லையா?

பாஸ்டரம்மா: இம்புட்டு ரெத்தம் போயும் ஜெபம் வரலயேன்னு கவலப்படுற. அதுக்குப் பேரு என்னவாம்?

திலகவதி: அழ வைக்காதீங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க... ஆனா நீங்க சொல்லுவீங்க. ஒங்களுக்குத்தான் வலிப்பு நின்னு போச்சே. ஒங்க சாட்சியக் கேட்டுத்தானே நான் ஞானஸ்நானமே எடுத்தேன். ஒங்களுக்குப் போட்ட கையெழுத்த எனக்கு ஏன் அவரு போடல? அம்மா? என்ன தரையவே பாக்குறீங்க?

நர்ஸ்: சொர்ணவல்லி! வலிப்பு மாத்திரை... சொர்ணவல்லி யாரும்மா?

திலகவதி: யாருங்க அது, கூப்புடுறாங்கள்ல... அந்தம்மா வரல போல, சிஸ்டர்!

நர்ஸ்: ஒங்க பக்கத்துலதான ஒக்காந்திருக்காங்க. மாசாமாசம் வாறவங்கள எனக்குத் தெரியாதா?

திலகவதி: ...பாஸ்டரம்மா?

பாஸ்டரம்மா: இருங்க சிஸ்டர், வாரேன்... ஞானஸ்நானத்துக்கு முந்தி எம் பேரு அதுதான் திலகா. ஆதார்ல இன்னும் மாத்தல.

திலகவதி: அப்ப பக்கத்து வீட்டு ஆத்தா?

பாஸ்டரம்மா: எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஏது வீடு? கருவக்காடுதான் கெடக்கு.

திலகவதி: எத்தன வருசமா...

பாஸ்டரம்மா: ஆறு. சாட்சி சொன்ன மறுவாரமே அடுப்படியில விழுந்தேன். மாத்திரையும் கர்த்தர் குடுத்ததுதான்னு அன்னிக்கே மேடையில ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ இத்தன நா இப்புடி ரெத்தத்தோட கெடந்திருக்க மாட்ட. சொல்லல. பயம்.

திலகவதி: எனக்கு... எனக்கு ஒங்க மேல கோவமா வருதும்மா.

பாஸ்டரம்மா: வரட்டும். வர வேண்டியதுதான். ஆனா ஞாயித்துக்கெழம மேடையேறாத. திங்கக்கெழம வந்து படு.

திலகவதி: சொல்றது லேசு. ஐயாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? என் கத, ஒங்க கத எல்லாம் தெரிஞ்சா அந்த மனுசன் ஒடஞ்சிர மாட்டாரா?

பாஸ்டரம்மா: இப்பவே போய்ச் சொல்லு. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதுத்த டீக்கடையில, டீ கூட வாங்காம, யாராச்சும் பாத்துருவாங்கன்னு ஹெல்மெட்டக் கழட்டாம நிக்கிறாரு. ஆறு வருசமா மாசாமாசம் என்னயக் கொண்டாந்து எறக்கி விடுறதே ஐயாதான்.