புது முள்

டர்ன்டேபிளில் முள் பொருத்திய கார்ட்ரிட்ஜை மாற்றுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை, ஃபிரடி. கை நடுங்காமல் இருந்தால் போதும். எனக்குக் கை நடுங்காது. ஒரகடத்தில் கம்பெனிக்குள் வரும் சர்க்யூட் போர்டுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ வருவதற்கு முன்னால், போனில் நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் நானே பதில் சொல்லிவிடுகிறேன். அம்மா பாடிய இசைத்தட்டு ஏன் இப்படி இரைகிறது, அப்பா ஏன் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டும் ஒரே விஷயம்தான்.

உனக்குத் தெரிந்த கதையும் நடுவில் வரும். பொறுத்துக்கொள். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

நம் கோயில் பாடகர் குழு அந்தக் காலத்தில் ஒரு தட்டு போட்டது. அதில் அம்மா தனியாகப் பாடியது ஒரு மாதா பாட்டு. ஆர்மோனியம் அப்பா. மிச்சப் பிரதிகள் கோயில் அறையில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்து, பெருவெள்ளத்தில் பெட்டியோடு ஊறிப் போயின. நம் வீட்டுப் பிரதி பரணில் இருந்ததால் தப்பியது. அம்மா போனபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். அவள் பேசிய ஒரு கேசட் கூட நம்மிடம் இல்லை. அந்த ஒரு தட்டை விட்டால் அவள் குரல் வேறு எங்கும் இல்லை. உன் மகளுக்குக் கிரேசி என்று அவள் பெயரையே வைத்துவிட்டு, பாட்டியின் குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கப்போகிறேன் என்று நீ சொன்னாய். அது ஞாபகம் இருக்கிறது.

அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்ட பிறகு, மூர் மார்க்கெட்டில் அவர் வாங்கிய அந்தப் பழைய பிளேயரை அவரால் தொட முடியாது. நான்தான் முள்ளைத் தூக்கி வைப்பேன். காலையில் நான் ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. காபி வேண்டுமா என்று நான் கேட்பதற்கு முன்பே, "தட்டப் போடு ஜாய்" என்பார். சில நாள் அவர் என்னிடம் பேசிய மொத்தப் பேச்சும் அதுதான்.

போன வருஷம் மழைக்காலத்தில் முள் தேய்ந்து, பாட்டு ஒரே இடத்தில் தாவித் தாவி விழுந்தது. தேய்ந்த முள் உளி மாதிரி, தட்டைச் சீவிவிடும், இனிமேல் போட வேண்டாம் என்று அப்பாவைத் தடுத்தது நான். அந்தத் தட்டைக் காப்பாற்றியவளும் நான்தான். இதை நீ மறந்துவிடக் கூடாது.

பிறகு சில வாரம் வீடு அமைதியாக இருந்தது. ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா கேட்டார். "இன்னா ஜாய், மூஞ்சி வாடிக்கீது? ஷிஃப்ட்ல எவனாச்சும் எதுனா சொன்னானா?"

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அந்தக் கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் சூப்பர்வைசர் ஆடிட்டுக்கு வந்தவர்களைப் பார்த்ததும் தொப்பியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஓடியதைச் சொன்னேன். அப்பா சிரித்தார். அதற்கப்புறம் தினமும் எதையாவது சேர்த்து வைத்துக்கொண்டு வந்து சொன்னேன். ஒரு மாலை சப்பாத்திக்கு மாவு பிசைந்தபடி ஏதோ ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். சட்டென்று நிறுத்தியதும் கூடத்திலிருந்து, "ஏன் நிறுத்திட்ட?" என்று குரல் வந்தது. நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சந்தோஷம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் மெசேஜ் வந்தது. "செலவைப் பாக்காத அக்கா, நல்ல முள்ளா வாங்கு." செலவைப் பார்க்காமல் இருப்பதற்கு நீ டொராண்டோவில் இருக்கிறாய். நான் ஸ்கூட்டர் டயர் மாற்றுவதைத் தள்ளிப்போட்டேன். ரிச்சி தெருவில் இருப்பதிலேயே மலிவானதைக் காட்டினார்கள். அது கனமாக அழுத்தி உட்காரும், பழைய தட்டைத் தின்றுவிடும் என்று படித்திருந்ததால் வேண்டாமென்றேன். நம் பிளேயரின் கைக்குப் பொருந்துகிற, மெதுவாக அழுத்துகிற, என்னால் வாங்க முடிகிற ஒன்றைக் கடை கடையாகத் தேடி வாங்கினேன். அடுத்த முறை முள்ளை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், செலவு குறையும் என்பதைக் கூட யோசித்துத்தான் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாட்டினேன். சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம் என்று நூல் மாதிரி ஒயர்கள். போர்டு பிடிக்கும் இடுக்கியாலேயே ஒவ்வொன்றாகச் சொருகினேன். முள் நேராக நிற்கிறதா என்று கோடு போட்ட காகிதத்தை வைத்துச் சரிபார்த்தேன். அந்தக் கையின் பின்பக்க எடையைத் திருப்பி, எவ்வளவு லேசாக வைக்கலாமோ அவ்வளவு லேசாக வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

அம்மா பாடினாள். பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி இருந்தது. அப்பாவுக்குக் கண்ணீர் கொட்டியது. "கிரேசி வந்துட்டா," என்றார். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றேன், பொய் சொல்வானேன்.

"வெளிச்சத்த மறைச்சிகினு நிக்காத ஜாய். போயி கொழம்பப் பாரு," என்றார்.

போய்க் குழம்பைப் பார்த்தேன்.

எனக்கு அப்பா மேல் கோபம் இல்லை. பாடகர் குழுவில் என்னைப் பின்வரிசையில் நிறுத்தி, "வாய மட்டும் அசை, சத்தம் வர வேணாம். அம்மா கொரல கேட்டவங்க சிரிப்பாங்க," என்று அவர் சொன்னபோதும் கோபப்படவில்லை. வருஷக்கணக்காக வாயை மட்டும் அசைத்தேன். எங்கள் மெயின்டனன்ஸில் இருந்த இசக்கிபாண்டியை உனக்கு ஞாபகம் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோயில் வாசலில் வந்து நின்று, "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, வீட்டுல வந்து நாங் கேக்கேன்," என்றார். வந்து பெண் கேட்கவும் செய்தார். அவர் போன பிறகு அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நீ பூட்டா பிளேயர் யாரு போடுவா?" அன்றைக்கும் போய் முள்ளைத் தூக்கி வைத்தேன். இசக்கிபாண்டிக்கு இப்போது மறைமலை நகரில் வீடு, இரண்டு பிள்ளைகள். அது இருக்கட்டும்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. குறையுள்ள பாகம் வந்தால் சிவப்புத் தொட்டியில் போடுவோம். ஆனால் அது இல்லாமல் லைன் நின்றுவிடும் என்றால், குறை தெரிந்தே ஏற்றுக்கொள்வோம். அதற்கு டீவியேஷன் என்று பெயர். யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது நல்ல பாகமாகிவிடும், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

மறுநாள் அந்த முள்ளைக் கழற்றி டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து எடுத்துப்போனேன். சாப்பாட்டு இடைவேளையில் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அதன் நுனியில் ஒட்டியிருக்கும் வைரத் துணுக்கு மழமழவென்று உருண்டையாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. போர்டில் குறி போட எங்களிடம் வைர முனை வைத்த குச்சி ஒன்று உண்டு. அதை வைத்து அந்த நுனியை ஒரு தட்டு தட்டினேன். ஒரு பக்கம் சில்லு பெயர்ந்து கூர்மையான விளிம்பு வந்தது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து மாட்டி, முள் தாவாமல் இருக்க மேலே ஒரு நாணயத்தையும் ஒட்டினேன். அந்தக் காலத்து டீக்கடையில் எல்லாரும் செய்ததுதான் என்பதால் அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

நான் தட்டை உடைக்கவில்லை, ஃபிரடி. கீறவில்லை, ஒளித்து வைக்கவில்லை. அவர் போடச் சொன்னபோதெல்லாம் போட்டேன். ஒருநாள் கூட முகம் சுளித்ததில்லை.

லீவு நாள் மத்தியானங்களில் அவர் தூங்கும்போதும் போட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டுத் தட்டை மட்டும் சுழல விடுவேன். அப்போதும் முள்ளின் நுனியிலிருந்து அம்மாவின் குரல் கொசு ரீங்காரம் மாதிரி மெல்லியதாக வரும். குனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன். முடிந்ததும் முள்ளில் கறுப்பாகத் தூள் சேர்ந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பேன்.

முதலில் போனது 'ச'வும் 'ஷ'வும். அந்த எழுத்து வரும் இடமெல்லாம் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம் வந்தது. அப்புறம் மேல் ஸ்தாயி போனது. பிறகு வார்த்தைகள்.

"இன்னா ஜாய், சத்தம் மங்கலா கீது?"

"எனக்கு நல்லாத்தான் கேக்குது."

"இரையிற மாதிரி கீதே."

"புது முள்ளுப்பா. உன் காதுதான் இரையுது."

அவர் நம்புவதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது. தாம்பரத்தில் காது டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். அவரை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அப்பா வெளியே பெஞ்சில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த டாக்டரம்மா என்னிடம் சொன்னார். "வயசுக்கு ரொம்ப நல்லா கேக்குதும்மா. கவலையே படாதீங்க." நான் வெளியே வந்து, நரம்பு தளர்ந்துவிட்டதாம், மிஷின் வைத்தாலும் பிரயோஜனம் இல்லையாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வரும் வழியெல்லாம் ஒரு கையால் காதைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

ஒரு மனிதர் எவ்வளவு சீக்கிரம் அடங்கிவிடுகிறார் என்பது எனக்கே ஆச்சரியம்தான். அடுத்த ஞாயிறு பூசையில் பாதிப் பாட்டில் பாடுவதை நிறுத்திவிட்டார். சுருதி சேர்கிறதா என்று தனக்குத் தெரியவில்லை, சபை சிரிக்கும் என்றார். அப்புறம் கோயிலுக்கே போகவில்லை. லாரி ஹாரன் கேட்காது என்று, கோலூன்றி வாலாஜாபாத் ரோட்டைத் தாண்டுவதை நிறுத்தினார். நீ போன் பண்ணினால், "செவுடங்கிட்ட இன்னா பேசறது, நல்லா கீறேன்னு சொல்லு," என்பார். நான் பேசும்போது மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். என் முகத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. நான் அவருக்குச் சட்னி அரைத்தேன், குளிப்பாட்டினேன், கம்பெனிக் கதை சொன்னேன். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். நீ கூட இருந்து பார்த்திருந்தால் உனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அம்மாவின் நினைவு நாளன்று சாயங்காலம் தட்டைப் போட்டேன். வெறும் இரைச்சல். உள்ளே யாரோ இருக்கிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"ஒண்ணும் வெளங்கல. எனக்கு அவ பூட்டா ஜாய்." பிறகு, "நீ பாடேன். காதாண்ட வந்து சத்தமா பாடு," என்றார்.

இதற்காகத்தான் நான் பிறந்ததிலிருந்து காத்திருந்தேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஆனால் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பக்கத்தில் போக முடியவில்லை. சமையலறை வாசலில் நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் பாட்டை முதலிலிருந்து பாடினேன். சத்தமாகப் பாடிப் பழக்கமில்லை. எனக்கே கேட்டும் கேட்காத குரலில்தான் பாடினேன். இந்த மொத்த விஷயத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

முடித்ததும் அப்பா கண்ணைத் திறக்காமல் சொன்னார். "மூணாவது அடில மூச்சு வாங்கிட்ட. உங்கம்மா அங்க வாங்க மாட்டா."

அப்புறம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். பிளேயரைப் பார்த்தார்.

"அப்போ எங்காது நல்லாத்தான் கீது," என்றார். "தட்ட இன்னா பண்ண ஜாய்?"

"நீ கேட்டப்பல்லாம் போட்டேன்பா."

தட்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விரலால் அதன் மேல் வட்டம் வட்டமாகத் தடவினார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அதிலிருந்து நான் கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. சாப்பாடு வைத்துவிட்டேன் என்று எதிரே நின்று சொன்னாலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு ரஞ்சனி வாசலுக்கு வெளியே நின்று ஏதாவது கேட்டால் பதில் சொல்கிறார். போன வாரம் ஃபாதர் வீட்டுக்கு நற்கருணை கொடுக்க வந்தபோது அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர்களெல்லாம் சத்தமாகப் பேசுகிறவர்கள். நீயும் அப்படித்தான், அதனால் நீ வந்தால் உன்னோடும் பேசுவார்.

சாயங்காலங்களில் சமையலறை வாசலில் நின்று அந்தப் பாட்டைப் பாடிப் பார்க்கிறேன். மூன்றாவது அடியில் இப்போது மூச்சு வாங்குவதில்லை. நன்றாகவே வருகிறது. அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நீ வந்ததும் நாம் இரண்டு பேருமாக அவரை வேறொரு நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும், ஃபிரடி. தாம்பரத்து டாக்டரம்மா சரியாகப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு நிஜமாகவே காது போய்விட்டது.